ரிமோட்டை மட்டும் கொண்டுவந்தா என்ன செய்ய?

திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டின சந்து ஒன்றில் சின்னதாக ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் ரிமோட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். டிவி, செட்டாப் பாக்ஸ், ஏசி, ஹோம் தியேட்டர் எல்லாவற்றுக்கும் உண்டு. பழைய ரிமோட்டைக் காட்டினால் அதே ஜாடையில் ஒன்றை உருவிக் கொடுப்பேன். வாங்கியவர் வீட்டுக்குப் போய் பேட்டரி போட்டு அழுத்தினால் ஓடும். ஓடாவிட்டால் மறுநாள் வந்து சத்தம் போடுவார், மாற்றிக் கொடுப்பேன். வருஷக்கணக்காக வியாபாரம் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி, டிவியில் செருகி இன்டர்நெட் வழியாகப் படம் பார்க்கிற சாதனங்கள் வீட்டுக்கு வீடு வந்த பிறகு இந்தக் கணக்கு செல்லவில்லை. இந்தியாவில் அந்த ஃபயர் டிவி ஸ்டிக் 2017இல் 3,999 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. 2021இல் சென்னையிலேயே தயாரிக்கப் போவதாக அமேசான் அறிவித்தது. அதனால் உங்கள் டிவிக்குப் பின்னால் தொங்குகிற ஸ்டிக் நம்ம ஊரில் செய்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் ரிமோட் மக்கர் செய்தால் மட்டும் எல்லோரும் பழைய வழக்கப்படி ரிமோட்டை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "அண்ணாச்சி, இது வேலை செய்ய மாட்டேங்கு, என்னன்னு பாருங்க" என்று மேசையில் வைப்பார்கள். "ஸ்டிக்கு எங்க?" என்று கேட்டால், "அது டிவியில இருக்கு, அது நல்லாத்தான் இருக்கு" என்பார்கள்.

ஸ்டிக் இல்லாமல் அந்த ரிமோட்டைச் சோதிக்க எனக்கு வழி கிடையாது. பெரும்பாலும் கோளாறு ரிமோட்டிலும் இருக்காது.

சாதாரண டிவி ரிமோட்டைச் சோதிப்பது சுலபம். செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி போன் திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாக மின்னும். சில போன்களின் பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும். அப்போது செல்ஃபி கேமராவில் பார்க்க வேண்டும். மின்னினால் ரிமோட் சரி, டிவியில்தான் கோளாறு. மின்னாவிட்டால் பேட்டரியோ ரிமோட்டோ போச்சு. இந்தச் சோதனையை யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஸ்டிக் ரிமோட்டிலும் செய்து பார்க்கிறார்கள். ஹோம் பட்டனை அழுத்துவார்கள், கேமராவில் ஒன்றும் தெரியாது. "பாத்தீங்களா, லைட்டே வரல."

வரத்தான் செய்யாது. அந்த ரிமோட்டுக்குள் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஹோம், பேக், அம்புக்குறி, மைக் எல்லாம் புளூடூத்தில் ஸ்டிக்கோடு பேசுகின்றன. வால்யூம், மியூட், டிவி பவர் பட்டன்கள் பெரும்பாலும் பழைய அகச்சிவப்பு வழியில் நேராக டிவியோடு பேசுகின்றன. அகச்சிவப்பு என்பது தெருவில் நின்று கூவி விற்கிற மாதிரி, கேட்கிற காது எதுவானாலும் கேட்கும். புளூடூத் என்பது ஒரே ஒரு நம்பருக்குப் போன் போட்டுப் பேசுகிற மாதிரி, அந்தப் பக்கம் நம்மைத் தெரிந்திருந்தால்தான் எடுப்பார்கள். அந்தத் தெரிந்துகொள்ளும் வேலைக்குத்தான் பேரிங் என்று பெயர்.

இது பிடிபட்டுவிட்டால் பாதிக் கோளாறை வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். வால்யூம் கூடுகிறது, குறைகிறது, ஆனால் அம்புக்குறி மட்டும் நகரவில்லை என்றால், ரிமோட் செத்துப்போகவில்லை. அதற்கும் ஸ்டிக்குக்கும் நடுவே தொடர்பு அறுந்திருக்கிறது, அல்லது பேட்டரி தள்ளாடுகிறது. இதற்கு நேர்மாறாக, எல்லாப் பட்டனும் ஓடுகிறது, வால்யூம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பேரிங்கில் பழுதே இல்லை. புது டிவி வாங்கின வீடுகளில் இது சகஜம். ரிமோட் இன்னமும் பழைய டிவியின் பாஷையில் பேசிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் எக்விப்மென்ட் கன்ட்ரோல் என்ற இடத்துக்குப் போய், டிவி கம்பெனியின் பெயரை மாற்றிக் கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. இதற்காகப் புது ரிமோட் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாபாரம் போச்சுதான், ஆனால் அவர்கள்தான் பிறகு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு என்னிடம் வருகிறார்கள்.

இப்போது பேட்டரி. இதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். "புது பேட்டரி போட்டாச்சு தம்பி" என்பதுதான் முதல் வாசகம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் அப்படித்தான் சொன்னார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஒன்று கடையில் வாங்கியது, இன்னொன்று சுவர்க்கடிகாரத்துக்கு வாங்கி மிச்சம் வைத்தது. கடிகாரத்துக்குத் துளி மின்சாரம் போதும், மலிவான கார்பன் ஜிங்க் பேட்டரியில் மாதக்கணக்காக ஓடும். புளூடூத் ரிமோட் அப்படியில்லை. பட்டனை அழுத்தும்போதும், குரலை அனுப்பும்போதும், முக்கியமாகப் பேரிங் செய்யும்போதும் சட்டென்று கூடுதலாக இழுக்கும். அந்த நேரத்தில் சோகையான பேட்டரி தலை சுற்றி விழுந்துவிடும். அதனால்தான் தினசரி எப்படியோ ஓடிக்கொண்டிருந்த ரிமோட், பேரிங் போடும்போது மட்டும் காலை வாரும்.

ஆல்கலைன் பேட்டரி இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே நேரத்தில் வாங்கியது. இதில் சிக்கனம் வேண்டாம். ரீசார்ஜ் செய்கிற பேட்டரி பெரும்பாலும் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தரும். சில ரிமோட்டுகளில் பிரச்சினை இல்லாமல் ஓடும், சிலவற்றில் பாதிச் சார்ஜ் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்தது என்று காட்டும். பேரிங் போடும்போதாவது ஆல்கலைன் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போட வேண்டும். பல ரிமோட்டுகளுக்கு அதுவே மறுபிறவி.

இன்னொன்று, ரிமோட்டுக்கு மாட்டுகிற உறை. வாங்கின அன்றைக்கே பிளாஸ்டிக் கவரோ சிலிக்கான் சட்டையோ போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுவது நம் பழக்கம். அந்த இறுக்கத்தில் ஒரு பட்டன் சதா அமுங்கியே இருக்கும். ரிமோட் தூங்கவே தூங்காது. பேட்டரி சீக்கிரம் தீரும், மற்ற பட்டன்களும் குழம்பும். உறையைக் கழற்றின மாத்திரத்தில் சரியாகிப்போன ரிமோட்டுகளும் உண்டு. அப்போது வந்தவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம்.

"அது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்களே, அந்த ஸ்டிக்கை இனிப் பார்ப்போம். நான் ரிமோட்டைவிட அதைத்தான் அதிகம் சந்தேகப்படுவேன்.

பிளக் பாயின்ட் தூரமாக இருக்கிறது என்றோ, வயர் தெரிந்தால் ஹால் அழகு கெடும் என்றோ, ஸ்டிக்கின் பவர் வயரை டிவியின் யூஎஸ்பி ஓட்டையில் செருகிவிடுவார்கள். ஸ்டிக்கோடு வருகிற அடாப்டர் 5 வோல்ட், 1 ஆம்பியர் கொடுக்கும். டிவியின் சாதாரண யூஎஸ்பி ஓட்டை பல மாடல்களில் அரை ஆம்பியர்தான். படம் ஓடும், ஆனால் இடையிடையே ஸ்டிக் தானாக அணைந்து எழுந்திருக்கும். அதோடு, டிவியை அணைத்தால் பல டிவிகளில் யூஎஸ்பி மின்சாரமும் நின்றுவிடும். மறுபடி போட்டால் ஸ்டிக் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுந்து வர வேண்டும். லோகோ மின்னிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ரிமோட்டை என்ன அழுத்தினாலும் பலன் இல்லை. அதைத்தான் "காலையில எல்லாம் ரிமோட்டு எடுக்க மாட்டேங்கு, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எடுக்கு" என்று வந்து சொல்வார்கள். அடாப்டரில் போடுங்கள். வயர் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது, பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிற ஒரு பொருள். ஸ்டிக் பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் டிவிக்குப் போகிற இணைப்பு) நீட்டிப்பு வயர் இருக்கும். இடம் போதாதவர்களுக்கு என்று நினைத்து யாரும் வெளியே எடுப்பதில்லை. ஆனால் அதன் இன்னொரு பயன், ஸ்டிக்கை டிவியின் முதுகிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுவது. சுவரோடு ஒட்டி மாட்டின டிவியில், உலோகத் தகட்டுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் ஸ்டிக் சிக்கிக்கொண்டால் ரிமோட்டின் சிக்னல் சுற்றி வளைத்துத்தான் போய்ச் சேர வேண்டும். புளூடூத், வைஃபையின் பழைய அலைவரிசை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் புழங்குகின்றன. யூஎஸ்பி 3.0 வயர்களும் ஹார்ட் டிஸ்க்குகளும் அந்த அலைவரிசையில் இரைச்சல் போடும் என்று சிப் தயாரிக்கிற இன்டெல் கம்பெனி 2012இலேயே எழுதி வைத்திருக்கிறது. டிவியில் ஹார்ட் டிஸ்க் செருகிப் படம் பார்க்கிற ஒரு வீட்டில், ஸ்டிக் பக்கத்து ஓட்டையிலேயே இருந்தது. பட்டன் அழுத்தினால் ஆடி அசைந்து நகரும். ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினதும் ஓடியது. நீட்டிப்பு வயரைப் போட்ட பிறகு இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன.

இதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பேரிங்குக்கே போக வேண்டும். ஃபயர் டிவியில் முறை எளிது. ஸ்டிக் முழுதாக எழுந்து, திரையில் படமோ "ரிமோட் கிடைக்கவில்லை" என்கிற மாதிரி அறிவிப்போ வந்த பிறகு, ரிமோட்டைப் பக்கத்தில் கொண்டுபோய் ஹோம் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தலைமாட்டில் உள்ள விளக்கு ஆரஞ்சு நிறத்தில் வேகமாகச் சிமிட்டும். பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் யாராலும் முடிவதில்லை. நாலு எண்ணுவதற்குள் விட்டுவிடுவார்கள், அல்லது சிமிட்டத் தொடங்கின பிறகும் எல்லாப் பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்துவார்கள். கடிகார முள்ளைப் பார்த்து எண்ணுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ரிமோட்டின் ஞாபகத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். வால்யூம் பட்டன் உள்ள வாய்ஸ் ரிமோட்டில் இப்படிச் செய்ய வேண்டும். ஸ்டிக்கின் மின்சாரத்தைப் பிடுங்கி ஒரு நிமிஷம் விடுங்கள். இடது அம்புக்குறி, மெனு, பேக் மூன்றையும் ஒன்றாக 12 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மெனு என்பது மூன்று கோடு போட்ட பட்டன். விட்டுவிட்டு 5 விநாடி கழித்து பேட்டரிகளைக் கழற்றுங்கள். ஸ்டிக்குக்கு மறுபடி மின்சாரம் கொடுத்து ஒரு நிமிஷம் காத்திருங்கள். பேட்டரியைப் போட்டு ஹோமை ஒரு தடவை அழுத்துங்கள். தானாகச் சேராவிட்டால் பழையபடி ஹோமை 10 விநாடி அழுத்துங்கள். மூன்று பட்டனை ஒரு கையால் அழுத்த வராது. ரிமோட்டை மேசையில் படுக்கவைத்து இரண்டு கையாலும் அழுத்தினால் வரும்.

ஆனால் ஸ்டிக்கையே ரீசெட் செய்கிற வழிக்கு மட்டும் போகாதீர்கள். பேக் பட்டனையும் வலது அம்புக்குறியையும் சேர்த்து 10 விநாடி பிடித்தால் ஸ்டிக் மொத்தமாக அழிந்து புதிதாகிவிடும். பாதி பேரிங்கில் தட்டுத்தடுமாறுகிற ரிமோட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிட்டால், வைஃபை பெயரும் போய், லாகினும் போய், மறுபடி எல்லாவற்றையும் டைப் அடிக்க அதே ரிமோட்தான் வேண்டும். இன்டர்நெட்டில் யாரோ சொன்னார்கள் என்று செய்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே வயிறு கலங்கும்.

மற்ற சாதனங்களில் பட்டன்தான் வேறு, தத்துவம் ஒன்று. கூகுள் டிவி வருகிற குரோம்காஸ்டில் ஹோமும் பேக்கும் சேர்ந்து, விளக்கு துடிக்கும் வரை பிடிக்க வேண்டும். ஆப்பிள் டிவியில் ரிமோட்டைப் பெட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோய், பேக் பட்டனையும் வால்யூம் கூட்டுகிற பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருகிற ரோகு ஸ்டிக்கும் அபூர்வமாக வரும். அதன் வாய்ஸ் ரிமோட் புளூடூத்தில் இல்லாமல் வைஃபை டைரக்ட் வழியில், அதாவது மோடம் வழியாகச் சுற்றாமல் நேராக வைஃபையில் பேசும். பேரிங் பட்டன் பேட்டரி மூடிக்குள் ஒளிந்திருக்கும், பச்சை விளக்கு மின்னும் வரை அதை அழுத்த வேண்டும். அந்த ஊர் அடாப்டரின் தட்டைப் பின் நம்ம ஊர் பிளக்கில் கன்வெர்ட்டர் போட்டும் லொடலொடவென்று ஆடும். ரிமோட்டைக் குறை சொல்வதற்கு முன் அதைத் தொட்டுப் பாருங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். ஹாலில் நின்று ஹோமை அழுத்திப் பிடிப்பார்கள், பெட்ரூம் ஸ்டிக் "வா வா" என்று சேர்த்துக்கொள்ளும். ஹாலில் ஒன்றும் நடக்காது. உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்த மருமகள், படம் தானாக நகர்கிறதே என்று பயந்துபோய் வெளியே வருவாள். ஒரு ஃபயர் டிவி ஏழு ரிமோட் வரை சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு ரிமோட் ஒரு நேரத்தில் ஒரு ஸ்டிக்கோடுதான் இருக்கும். பேரிங் முடியும்வரை மற்ற ஸ்டிக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

ரிமோட் உண்மையிலேயே போய்விட்டால்தான் பெரிய வம்பு. சாம்பாருக்குள் விழுந்தது, குழந்தை ஜன்னல் வழியே எறிந்தது, நாய் கடித்தது என்று எல்லாம் வரும். புது ரிமோட் வாங்கியாச்சு, ஹோமை அழுத்தினால் சேரவில்லை. செட்டிங்ஸுக்குள் போய், கன்ட்ரோலர்ஸ் அண்ட் புளூடூத் டிவைசஸ் என்ற இடத்தில் புது ரிமோட்டைச் சேர்க்கச் சொல்கிறது. அங்கே போக ரிமோட் வேண்டும். ரிமோட்டைச் சேர்க்க ரிமோட் வேண்டும்! இங்கேதான் ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

முதல் வழி உங்கள் டிவி ரிமோட்டிலேயே இருக்கிறது. எச்டிஎம்ஐ வயருக்குள் சிஇசி என்று ஒரு ஏற்பாடு உண்டு. டிவி ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தினால் டிவி அதை வாங்கி வயர் வழியாக ஸ்டிக்குக்குச் சொல்லிவிடும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிவி மெனுவில் அதை ஆன் செய்தால் போதும், ஸ்டிக்கில் பெரும்பாலும் ஏற்கெனவே ஆனில்தான் இருக்கும். டிவி ரிமோட்டாலேயே செட்டிங்ஸுக்குள் போய்ப் புது ரிமோட்டைச் சேர்த்துவிடலாம். என்னிடம் வருகிறவர்களில் இது தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. ரிமோட் நன்றாக இருக்கிற இன்றைக்கே டிவி ரிமோட்டால் ஸ்டிக் நகர்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவைப்பது நல்லது.

இரண்டாவது வழி, போனில் ஃபயர் டிவி ஆப். போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால், திரையில் தெரிகிற நாலு இலக்க எண்ணைப் போனில் அடித்ததும் போனே ரிமோட் ஆகிவிடும்.

வம்பு எங்கே வரும் என்றால், ரிமோட்டும் போய் வைஃபையும் மாறியிருந்தால். பாளையங்கோட்டையில் ஒரு வீடு. பழைய இன்டர்நெட் கனெக்ஷனை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறினார்கள். புது மோடம், புதுப் பெயர், புது பாஸ்வேர்ட். ஸ்டிக் ரிமோட்டை அந்தக் களேபரத்தில் யாரோ பழைய வயர்களோடு குப்பையில் போட்டுவிட்டார்கள். டிவியும் பழசு, சிஇசி இல்லை. ஸ்டிக்குக்குப் புது வைஃபை தெரியாது, சொல்லிக் கொடுக்க ரிமோட் இல்லை. ஆப் போடலாம் என்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இல்லை. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருவோமா அண்ணாச்சி?" என்று அந்த அம்மா போன் செய்தார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. பழைய வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கா?"

மோடம் போயிருந்தது. ஆனால் அந்த வீட்டுப் பையன், பரீட்சை நேரத்தில் யாருக்கோ கொடுப்பதற்காகப் பாஸ்வேர்டை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். தேடி எடுத்தார்கள். ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதன் பெயரை அப்படியே பழைய வைஃபை பெயராக வைத்து, பாஸ்வேர்டையும் அதையே கொடுக்கச் சொன்னேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் உள்ள இடைவெளி எதுவும் மாறக்கூடாது. ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் பழைய ஸ்டிக்குகளும் கண்டுகொள்ளும். ஸ்டிக்கை அணைத்துப் போட்டார்கள். பழைய வைஃபை வந்துவிட்டது என்று நினைத்து அது ஒட்டிக்கொண்டது. வீட்டில் இருந்த இன்னொரு போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, அதில் ஆப்பைத் திறந்தால் ஸ்டிக் பட்டியலில் வந்து நின்றது. இரண்டு போன் வேண்டும், அவ்வளவுதான். ஆப்பாலேயே முதலில் புது ரிமோட்டைச் சேர்த்துவிட்டு, கடைசியில்தான் ஸ்டிக்கைப் புது வைஃபைக்கு மாற்ற வேண்டும். முதலிலேயே வைஃபையை மாற்றினால் ஆப் தொடர்பு அறுந்து, போனையும் புது வைஃபைக்கு மாற்றி மறுபடி தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் தவிர்க்க இன்னும் எளிய வழி, புது மோடம் மாட்ட வருகிற தம்பியிடம் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைக்கச் சொல்வது. ஸ்டிக், கேமரா, பல்பு, வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். அவருக்கு இரண்டு நிமிஷ வேலைதான், கேட்டால் செய்து கொடுப்பார்.

டூப்ளிகேட் ரிமோட் விஷயம் ஒன்று பாக்கி. பார்க்க அச்சு அசலாக இருக்கும், விலை பாதிகூட இருக்காது. சிலவற்றில் உள்ளே புளூடூத்தே கிடையாது, வெறும் அகச்சிவப்பு. ஃபயர் டிவி ஸ்டிக்கில் அகச்சிவப்பைக் கேட்கும் காது கிடையாது என்பதால், அதை வைத்து டிவி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. வெளியூரில் ஒரு மொத்த வியாபாரி இப்படி ஒரு பெட்டியை எனக்கும் தள்ளிவிடப் பார்த்தார். கடையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கை டிவியில் மாட்டியே வைத்திருக்கிறேன், பேரிங் போட்டு மைக்கில் பேசிக் காட்டச் சொன்னேன். பெட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நீங்களும் கடையில் இதையே கேளுங்கள். ஒரிஜினலிலும் எல்லா ரிமோட்டும் எல்லா ஸ்டிக்குக்கும் சேராது. ஸ்டிக்கின் செட்டிங்ஸில், அபவுட் என்ற இடத்தில் அது எந்தத் தலைமுறை என்று போட்டிருக்கும். அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் தப்பு நடக்காது. சில கேபிள், இன்டர்நெட் கம்பெனிகள் கொடுக்கிற ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் மட்டும் அகச்சிவப்பு, புளூடூத் இரண்டுமே இருக்கும். அவற்றில் பேரிங் போடாமலேயே அம்புக்குறி ஓடும், மைக் மட்டும் ஊமையாக இருக்கும். "மைக்கு போயிருச்சு" என்று வந்தால் பேரிங் போட்டுப் பார்க்க வேண்டும், மைக் போயிருக்காது.

கடைசியாக, வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்குப் போனில் வழி சொல்கிறவர்களுக்கு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எனக்கே போன் வரும், "அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ப் பாத்துருங்க" என்று. நான் போவதற்கு முன் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "டிவியில என்ன தெரியுது?" ரிமோட்டைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். "நீலமா இருக்கு, நோ சிக்னல்னு ஓடுது" என்றால் பெரும்பாலும் டிவி வேறு எச்டிஎம்ஐ ஓட்டையில் நிற்கிறது, டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தினால் முடிந்தது. அதற்கும் வராவிட்டால் ஸ்டிக்குக்கு மின்சாரம் வரவில்லை. "கறுப்பா இருக்கு, ஒரு எழுத்தும் இல்ல" என்றால் டிவிக்கும் ஸ்டிக்குக்கும் மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். "படம் எல்லாம் வரிசையா தெரியுது, நகரத்தான் மாட்டேங்கு" என்றால்தான் அது பேரிங் விவகாரம். வீடியோ காலில் டிவியைக் காட்டச் சொல்வது இன்னும் நல்லது.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்துவிட்டுப் போங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், ஸ்டிக் எந்த எச்டிஎம்ஐயில் இருக்கிறது, மூன்றையும் மார்க்கரால் ஒரு அட்டையில் எழுதி டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அம்மாவின் போனில் ஆப்பைப் போட்டு, ஒரு தடவை ஸ்டிக்கோடு சேர்த்தும் விடுங்கள். இரண்டு ஆல்கலைன் பேட்டரியை அந்த அட்டையோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிட்டால், சுவர்க்கடிகாரத்துக்குப் போகாமல் இருக்கும்.